நாலாவது வரட்டும்

ஆளே இல்லாத இடத்தில் வரிசையில் நிற்கிற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி பஸ் வந்து நின்றதும் ஜனங்கள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார்கள், பையைப் போடுவார்கள், சமயத்தில் பெற்ற பிள்ளையையே உள்ளே போட்டு இடம் பிடிப்பார்கள். அவர் மட்டும் பஸ் வாசலுக்கு நேராகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள், பின்னாலும் யாரும் இருக்கமாட்டார்கள். "எவரி கோசம் சார்?" என்று கண்டக்டர் ஒருமுறை கேட்டேவிட்டார். யாருக்காகவும் இல்லை, வரிசையில் நிற்கிறேன் என்று தெலுங்கிலேயே பதில் சொன்னார்.

"ஒரே ஆள் நின்னா அது வரிசையா மாமா?" என்று நான் கேட்டேன்.

"மொத ஆள் நின்னாதான மே ரெண்டாவது ஆள் வந்து நிப்பான்."

இரண்டாவது ஆள் வரவில்லை. அன்றைக்குத் திருப்பதி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனோம்.

மாமா என்றால் என் அத்தை மகன், நைனாவின், அதாவது என் அப்பாவின், அக்கா பிள்ளை. புத்தூர், நகரி பக்கத்தில் கட்டிக்கொள்கிற முறையுள்ளவரை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் என்னை மே என்பார், பெண்ணைக் கூப்பிடுகிற எங்கள் பக்கத்து வார்த்தை. பெயர் வேண்டாம். எழுதினால், தனக்கு முன்னால் எழுத வேண்டியவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே என்று சங்கடப்படுவார்.

சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். சீசன் வந்தால் அவரை கேட்டில் உட்காரவைத்து வண்டிகளுக்கு டோக்கன் கொடுக்கச் சொல்வார்கள். தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் மெயின் ரோடு வரை நிற்கும். பெரிய மனிதர்களின் வண்டிகள் ஓரமாக நகர்ந்து முன்னால் வந்து ஹாரன் அடிக்கும். மாமா கத்தமாட்டார், வாதம் பண்ணமாட்டார். "லைன்லோ ரண்டி சார்", வரிசையில் வாருங்கள் என்பார். மறுபடி ஹாரன் அடித்தால் மறுபடி அதையே அதே குரலில் சொல்வார். மேனேஜருக்குப் போன் வரும். மாமாவை கேட்டிலிருந்து தூக்கிவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். அந்த ஆள் உட்கார்ந்த மறுநாளே வண்டிக்காரர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். மாமாவைத் திரும்பக் கூப்பிடுவார்கள். போய் அதே நாற்காலியில் உட்காருவார்.

அந்த ஸ்டோரில்தான் முதல் புத்தகம் கிடைத்தது. நாட்டின் கதவைத் திறந்துவிட்டிருந்த புதிது. பாட்டிலில் புதுப்புது கலர் வந்தது, டிவியில் சேனல் சேனலாக வந்தது, கூடவே வெளிநாட்டுக் குப்பையும் கப்பல் ஏறி வந்தது. டின்களுக்கு நடுவில் திணிக்க, உள்ளூர்ப் பழைய பேப்பரைவிட அது மலிவு என்று மேனேஜர் சென்னையிலிருந்து கட்டுக் கட்டாக வரவழைத்தார். அப்படி ஒரு கட்டை அவிழ்த்தபோது கையடக்கமாக, தடியாக ஒரு புத்தகம் விழுந்தது. மட்டமான தாள். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படம், நடுவில் பூச்சி ஊர்ந்த மாதிரி எழுத்து. அட்டையில் கிண்ணத்தைக் கையில் ஏந்திய ஒரு சிறுமி. ஜப்பான்காரர்களின் படக்கதை அது, மங்கா என்று அதற்குப் பெயர் என்பதெல்லாம் எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். மாமா கவனித்தது வேறு. புத்தகத்தின் முதுகில் 1 என்று போட்டிருந்தது. அந்த எண் இல்லாவிட்டால் அதையும் டின்களுக்கு நடுவில் திணித்திருப்பார். ஒன்று இருந்தால் இரண்டு இருக்கும். இரண்டு இருந்தால் அது வரிசை.

நான் அப்போது திருப்பதியில் நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தேன். லீவு கிடைத்தால் பஸ் ஏறி சித்தூர் போய்விடுவேன். அத்தையும் அவள் வீட்டுக்காரரும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அந்த வீட்டில் மாமாவும் அவருடைய அக்காவும் மட்டும்தான். அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாசலையொட்டிய அறையில் தையல் மிஷின் போட்டிருந்தாள். அந்த மிஷின் சத்தத்துக்கு நடுவே மாமா எனக்குப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் கதை சொன்னார்.

"இங்க பாரு. ஒரு பொண்ணு தனியா கீது. வீடு காலியா கீது. அழுவுது. அப்பால அண்ணங்காரன் பொட்டியத் தூக்கிகினு வந்துட்டான். அப்பால அம்மாக்காரி வரா. இதோ, அப்பன் கப்பல்லேந்து எறங்கறான் பாரு. ஒவ்வொருத்தரா வூட்டுக்கு வந்துகினே கீறாங்க. கடைசில எல்லாரும் ஒண்ணா குந்திகினு சோறு துன்றாங்க. அவ்ளோதான் கத."

"நல்லா கீதே மாமா."

"நல்லாதான் கீது. ஆனா இந்தப் புத்தகத்துல கீறவங்க மொதல்ல அழுவுறாங்க, அப்பாலதான் அடி வாங்குறாங்க. அது இன்னா பழக்கம்னுதான் தெரியல."

"உன்னாட்டம்தான்," என்று அண்ணி மிஷினை நிறுத்தாமலே சொன்னாள். "அடி விழறதுக்கு முன்னியே நீ அழுவ."

அந்தக் கதை தெருவுக்கே பிடித்துப்போனது. எங்கள் ஊர்களிலிருந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்த காலம். ஒருத்தி மகன் குவைத்தில், ஒருத்தி புருஷன் சிங்கப்பூரில், யாரும் போகாத வீட்டில் பெங்களூருக்காவது ஒருவர் போயிருந்தார். எல்லாரும் வீடு வந்து சேர்கிற கதை யாருக்குத்தான் கசக்கும். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த பெண்கள் அளவு கொடுத்துவிட்டுக் கதை கேட்க உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் கப்பல் பக்கத்தை மட்டும் இன்னொருமுறை காட்டச் சொல்வார்கள். மாமா அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டார். முதலிலிருந்து பார்த்தால்தான் அந்தப் பக்கம் வரும் என்பார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், கட்டிக்கொள்ளத்தான் ஆசைப்பட்டேன். அவருக்கும் ஆசை இருந்தது. திருப்பதி பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டு, சித்தூர் திரும்பப் பஸ் கிடைத்தபிறகும் கிளம்பாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். அடுத்த பஸ்ஸையும் அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பார். அதைவிட வேறு எப்படிச் சொல்வார் ஒரு மனிதர். ஆனால் அண்ணி அவருக்கு மூத்தவள். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்று, காபியைக் குடித்து, கதவைத் தாண்டியதும் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டு போனார்கள். மூத்தவள் இருக்கும்போது இளையவன் தாலி எடுக்கிற வழக்கம் எங்களில் இல்லை. அதிலும் அந்த இளையவன் மாமாவாக இருந்தால் கேட்கவே வேண்டாம். நைனா எப்போது பேச்சை எடுத்தாலும், "அக்காவுக்கு ஆவட்டும்" என்பதுதான் பதில். நைனாவும் சரி என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார், அந்த மாங்காய் சீசன் வரைக்கும்.

அந்த வருஷம் நைனா முதல்முறையாக ஒரு தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். காலமெல்லாம் அடுத்தவன் தோப்பில் காய் பறித்தவர். அறுவடையை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு சித்தூர் போனால் ஃபேக்டரி வரிசை முடிவில்லாமல் நிற்கிறது. வெயிலில் அடிப்பழம் கசியத் தொடங்கியது. நைனா நடந்து கேட்டுக்குப் போனார். மாமா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார், டீ வரவழைத்துக் கொடுத்தார், கையில் டோக்கனும் கொடுத்தார். கடைசி வண்டிக்கான டோக்கன்.

"நான்தான்டா," என்றார் நைனா.

"தெரியும் மாமா. லைன்லயே வாங்க."

தாய்மாமனிடம் அப்படிச் சொல்லிவிட்டு டியூட்டி முடிந்ததும் வந்து, டிராக்டருக்கு மேல் ஏறி, பழத்தைப் புரட்டிப் புரட்டிப் போட்டுக்கொண்டு நைனா கூடவே வெயிலில் இருந்தாராம். முறை வந்தபோது பாதிப் பழத்தைக் கழித்துவிட்டார்கள். நைனா வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டே அம்மாவிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அவனுக்குப் பொண்ணக் குடுத்தா, அவளும் டோக்கன் வாங்கிகினு நிக்க வேண்டியதுதான்."

இப்படிப்பட்டவரோடு ஒருமுறை திருமலைக்குப் போனேன். அண்ணியும் வந்திருந்தாள். நான் பயிற்சி எடுத்த ஆஸ்பத்திரி டாக்டர் ஒருவர், சீக்கிரம் தரிசனம் ஆகட்டும் என்று ஒரு சிபாரிசுக் கடிதம் கொடுத்திருந்தார். மாமா அதை நான்காக மடித்து என் பையிலேயே வைத்தார். அண்ணியை மட்டும் நடக்க முடியாதவர்களுக்கான வழியில் அனுப்பிவிட்டு, நாங்கள் தர்ம தரிசனத்தில் போனோம். கூண்டு மாதிரி ஒரு ஹாலில் உட்காரவைத்தார்கள், அது திறந்தால் இன்னொரு கூண்டு. எனக்கு எரிச்சலில் கண்ணைக் கட்டியது. மாமாவோ கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்த கன்னடக்காரக் கிழவருக்கு விசிறிவிட்டார், யாரோ கொடுத்த உப்புமாவைச் சாப்பிட்டார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவரைப் போல நிற்கிறவர்கள் உலகத்தில் இத்தனை பேர் இருக்கிறார்களே என்ற சந்தோஷம். கடைசியில் சன்னதிக்கு வந்து நிமிர்வதற்குள் "ஜருகண்டி ஜருகண்டி" என்று தள்ளிவிட்டார்கள். "பாத்தியா மாமா சாமிய?" என்று கேட்டேன். "நெத்தி மட்டும் தெரிஞ்சிது. போதும்," என்றார்.

படிப்பு முடிந்து மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. ரேணிகுண்டா ஸ்டேஷனில் சென்னை வண்டிக்காக நின்றிருந்தோம். நைனா டீ வாங்கப் போன நேரத்தில் கேட்டேன்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் நீ அண்ணி பின்னாலியே நிக்கப்போறியா மாமா?"

"முன்னாடி ஒருத்தி நிக்கும்போது தள்ளிட்டு வரச் சொல்றியா?"

"தள்ள வேணாம். தாண்டி வா."

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். சிக்னலைப் பார்த்தார். என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். கடைசியில், "அந்த ஊர்ல ரெண்டாவது புத்தகம் கெடைக்குதா பாரு மே," என்றார். அரக்கோணம் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். என் கண்ணில் தூசி விழுந்ததாக நினைத்துக்கொண்டது போல நைனா நடித்தார்.

சில வருஷம் கழித்து மஸ்கட்டில் இரண்டாவது கிடைத்தது. ஏசி போட்ட பெரிய கடைத்தொகுதியில் ஒரு புத்தகக் கடை. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பதிப்பு. அதே சிறுமி, அதே கிண்ணம், முதுகில் 2. கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி ஒட்டியிருந்தார்கள், வாங்காமல் பிரிக்க முடியாது. விலையைப் பார்த்தால் எங்கள் நர்ஸ் மெஸ்ஸில் ஒரு வாரச் சாப்பாடு. அதே கடைத்தொகுதியின் மளிகைப் பகுதியில் எங்கள் சித்தூர் மாம்பழக் கூழ் டின் அடுக்கியிருந்தது, அதன் விலையும் வாயைப் பிளக்கவைத்தது. எங்கள் ஊரில் சீசனில் செருப்புக்கடியில் நசுங்குகிற பழம். ஊரைவிட்டு ஊர் போனால் எல்லாவற்றுக்கும் விலை ஏறிவிடுகிறது, மனுஷருக்கும்தான் என்று நினைத்துக்கொண்டேன். சம்பளம் வந்ததும் புத்தகத்தை வாங்கினேன். ரூமுக்கு வந்து பிரித்து முதல் பக்கத்தைத் திருப்பினால், கதை இல்லை. ஒரு எச்சரிக்கை. நீங்கள் தவறான பக்கத்திலிருந்து தொடங்குகிறீர்கள், இது வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய புத்தகம், திருப்பிப் பிடியுங்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

உடனே சித்தூருக்குப் போன் போட்டேன்.

அந்தப் போனைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெலிபோன் கனெக்‌ஷனுக்கு மாமா மனுப்போட்டபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவர் முறை வருவதற்குள் ஊரில் பாதிப்பேர் சட்டைப் பையில் செல்போன் வைத்திருந்தார்கள். மாமா லேண்ட்லைனைத்தான் வாங்கினார். வந்த முறையை வேண்டாமென்றால் இத்தனை வருஷம் நின்றதற்கு என்ன அர்த்தம் என்றார். அண்ணி அதற்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டாள்.

"மாமா, அந்தப் புத்தகத்த நாம தப்பா படிச்சிட்டோம். வலது பக்கத்துலேந்து படிக்கணுமாம்."

மிஷினை நிறுத்து என்று மறுமுனையில் அண்ணியிடம் சொல்வது கேட்டது.

"அப்ப யாரும் வரலியா?" என்றார்.

"இல்ல மாமா. எல்லாரும் போறாங்க. ஒண்ணா குந்தித் துன்றதுதான் மொதல். அப்பால ஒவ்வொருத்தரா போயிடறாங்க."

"செரி," என்று வைத்துவிட்டார்.

அதற்குப்பிறகு அவர் செய்ததை அண்ணி சொல்லித்தான் கேட்டேன். ஒன்றாவது புத்தகத்தை வலமிருந்து முறையாகப் படித்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, முன்பு கதை கேட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போனாராம். கதவைத் தட்டி, நான் சொன்னது தப்பு, அந்த வீட்டிலிருந்து எல்லாரும் போய்விடுகிறார்கள் என்று திருத்திச் சொன்னாராம். குவைத்துக்கு மகனை அனுப்பியிருந்த ஒருத்தி மட்டும், "முன்ன சொன்னதே இருக்கட்டும், நீ போப்பா," என்று கதவைச் சாத்திவிட்டாள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த ஒரு மனிதர் ஒரே ஒரு காரியத்தை வாலிலிருந்து தலைக்குச் செய்திருக்கிறார். அது அவரை எவ்வளவு வாட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மூன்றாவதையும் மஸ்கட்டிலேயே வாங்கி அனுப்பினேன். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பதிலாக ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது ஒரு பொட்டலம் மாம்பழத் தாண்ட்ரா வரும். மாம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்து வெட்டிய பட்டை. வேறு வார்த்தை ஒன்றும் வராது.

அண்ணிக்கு ஆகவில்லை. நைனா எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். சத்தியவேடு பக்கத்துக்காரர், சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. என்னிடம் கேட்டபோது நான் சரி என்றுதான் சொன்னேன். கல்யாணத்துக்கு மாமா வந்தார். கடைசிப் பந்தியில் சாப்பிட்டார். அவர் வீட்டிலும் அப்படித்தான், விருந்தாளி சாப்பிட்டு, அண்ணி சாப்பிட்டு, பிறகுதான் அவர் தட்டைப் போடுவார். மேடைக்கு வாழ்த்த வந்தபோதும் வரிசையில் நின்றுதான் வந்தார், முன்னால் போங்க என்று யாரோ சொன்னதற்குத் தலையாட்டி மறுத்துவிட்டு. அவர் மேல் எனக்கு அத்தனை கோபம் வந்த நாள் அதுதான்.

என் வீட்டுக்காரர் நல்ல மனிதர். எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப நாலாவத நான் தேடறேன்," என்றார். லீவு நாளில் பஸ் பிடித்துப் பாலத்தைத் தாண்டி மலேசியாவில் இருக்கிற ஜோகூருக்குப் போனார். அங்கே மலாய் மொழியில் அச்சடித்து விற்கிறார்கள், ஒரு தட்டு நாசி லெமாக், அவர்களுடைய தேங்காய்ப்பால் சோறு, அதன் விலைதான். ஐந்தும் ஆறும் கிடைத்தன. சிங்கப்பூரில் பழைய புத்தகக் கடைகள் மாடி மாடியாக இருக்கும் கட்டடத்தில் வாடகைக்குப் புத்தகம் விடுகிற ஒரு சீனத் தாத்தா இருந்தார். முன்பணம் கட்டிச் சில்லறை கொடுத்தால் எடுத்துப்போய்ப் படிக்கலாம், விற்கமாட்டார். அவரிடம் ஏழாவது இருந்தது, சீன மொழியில், அதுதான் கடைசிப் புத்தகம். எல்லாரும் போனிலேயே ஓசியில் படிக்கிறார்கள் என்று அவர் கடையைக் கட்டியபோது அதை எனக்குக் கொடுத்தார். நாலாவது மட்டும் எங்கும் இல்லை. ஆங்கிலத்தில் அச்சு நின்றுபோயிருந்தது. மலாயில் யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். தாத்தாவிடம் எடுத்துப்போனவர் திருப்பித் தரவே இல்லை.

ஐந்து, ஆறு, ஏழு மூன்றையும் அனுப்பிவைத்துவிட்டுப் போன் செய்தேன்.

"படிச்சியா மாமா?"

"நாலாவது வரட்டும்."

"படம்தான. எத முன்ன பாத்தா இன்னா?"

"நாலாவதுல இன்னா ஆச்சினு தெரியாம, அஞ்சாவதுல கீறவங்க மூஞ்சில எப்டி மே முழிக்கிறது?"

மூன்று புத்தகங்களையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். வருஷங்கள் போயின. ஃபேக்டரியில் புதிதாக வந்த ஒருவன் நாலாவதைப் போனிலேயே எடுத்துக் காட்டப்போனான். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு தடவை நான் கூப்பிடும்போதும் பேச்சு அங்கேயே வந்து நிற்கும். நாலாவது வரட்டும். அக்காவுக்கு ஆவட்டும் என்ற அதே குரல்.

சிங்கப்பூரில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஆஸ்பத்திரி, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் முறையைக் கற்றுவர எங்களில் சிலரை ஜப்பானுக்கு அனுப்பியது. ஒரு மத்தியானம் ஓய்வு கொடுத்தார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவில் பழக்கடை. ஒரே ஒரு மாம்பழத்தைப் பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கவைத்து ரிப்பன் கட்டியிருந்தார்கள், விலை கேட்டால் நைனா மயங்கி விழுவார். அதைத் தாண்டி ஒரு பழைய புத்தகக் கடை. கடைக்குள்கூட இல்லை, வாசலில், வெயிலில், ஒரு மர அலமாரி. அதில் அந்தச் சிறுமி. ஒன்றிலிருந்து ஏழு வரை வரிசையாக நின்றிருந்தாள். தெருமுனை மிஷினில் விற்கிற டீயைவிட விலை குறைவு. மஸ்கட்டில் ஒரு வாரம் அரைவயிறு கிடந்து வாங்கியதை இங்கே திருடிக்கொண்டு போனாலும் யாரும் துரத்தமாட்டார்கள். ஏழு புத்தகத்தையும் அள்ளிக்கொள்ளக் கை நீண்டது. நாலாவதை மட்டும் உருவினேன். மற்றதெல்லாம் அவரிடம் இருக்கிறதே. கடைக்காரர் அதைக் காகிதத்தில் சுற்றி இரண்டு கையாலும் கொடுத்தார். நான் அந்தத் தெருவிலேயே நின்று அழுததற்கு அவர் என்ன நினைத்தாரோ.

அடுத்த லீவில் சித்தூர் போனேன். மாமாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அண்ணியின் தையலறையில் இப்போது இரண்டு பெண்கள் வேலைக்கு இருந்தார்கள், வாசலில் போர்டு இருந்தது. நான் புத்தகத்தை நீட்டியதும் மாமா முதுகில் இருந்த எண்ணைப் பார்த்தார். போய்க் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். டிரங்குப் பெட்டியைத் திறந்து மற்ற ஆறையும் எடுத்து மடியில் அடுக்கிக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்தார். ஜப்பான் மொழியில் ஒன்றும் நாலும், ஆங்கிலத்தில் இரண்டும் மூன்றும், மலாயில் ஐந்தும் ஆறும், சீனத்தில் ஏழு. ஒரு வீடு சிதறிப்போன கதை நாலு நாடு சுற்றி அந்த மடியில் வந்து சேர்ந்திருந்தது. வலமிருந்து இடமாகப் படிக்கத் தொடங்கினார்.

நான் அண்ணியோடு உட்கார்ந்தேன். பேச்சுவாக்கில், "உனக்கு ஆவட்டும்னு சொல்லிச் சொல்லியே மாமா இப்படி நின்னுட்டாரே அண்ணி," என்றேன். இத்தனை வருஷத்தில் அவளிடம் அதைச் சொன்னதில்லை.

அண்ணி காஜா எடுத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தினாள்.

"எனுக்குக் கல்யாணமே வேணாம்மா. மொத மொதல்ல வந்தவன் பஜ்ஜி துன்னுட்டுப் போனான் பாரு, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எனுக்கு இந்த மிஷின் போதும்."

"சொல்லியிருக்கலாமே?"

"யாரு கேட்டாங்க?" என்றவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். "ஏன்டா, உன்னத்தான். முன்னாடி நின்னவள ஒரு வார்த்த கேட்டியா நீ? நான் வரிசைலயே இல்லடா. சும்மா நின்னுகினு இருந்தேன். நீயா வந்து பின்னால நின்னுகினா நான் இன்னா பண்றது?"

மாமா தலை நிமிர்ந்தார். விரல் ஒரு பக்கத்தின் மேல் இருந்தது. அண்ணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ரேணிகுண்டாவில் பார்க்காததை அப்போது பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். மெதுவாகக் குனிந்து, விட்ட இடத்திலிருந்து படித்தார். ஐந்தை எடுத்தார். ஆறை எடுத்தார். ஏழாவதின் கடைசிப் பக்கத்தை மூடியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது.

"அவ்ளோதான். நடுவுல திரும்பி வந்தவங்களும் சேத்து எல்லாரும் போயிட்டாங்க," என்றார். "அந்தப் பொண்ணு மட்டும் வூட்ல கீது."

பிறகு ஏழாவதைத் திருப்பினார். எச்சரிக்கை போடுகிற பக்கத்தை, நம் ஊர்ப் புத்தகம் தொடங்குகிற பக்கத்தை, மேலே வைத்துத் திறந்தார்.

"இங்க வா மே," என்றார். "இங்க பாரு. ஒரு பொண்ணு தனியா கீது. வீடு காலியா கீது. அழுவுது."

நைனா வீட்டுக்குத் திரும்ப எனக்குப் புத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணியும் காலை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அண்ணன் பெட்டியோடு வந்தான். அம்மா வந்தாள். ஆறாவது, ஐந்தாவது, நாலாவது என்று மாமா இடமிருந்து வலமாகப் புரட்டிக்கொண்டே போனார், தெருவில் முன்பு கதை சொன்ன அதே குரலில். அடி வாங்குவதற்கு முன்னால் அழுதார்கள், அழுதபிறகு சிரித்தார்கள். அப்பன் கப்பலிலிருந்து இறங்கினான். ஒன்றாவது புத்தகம் முடிகிற பக்கத்தில் எல்லாரும் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் வந்துட்டாங்க," என்றார் மாமா.

எழுந்து உள்ளே போனார். தட்டுச் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று என்று வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எல்லாருக்கும் முதலில் அவரே உட்கார்ந்தார்.

"குந்து மே," என்றார். "துன்னுட்டுப் போ."